எல்லாம் ஒண்ணுதான் சார்!

8 எம்எம்மும் 5/16 இன்ச்சும் ஒன்று என்று சொல்கிற ஒவ்வொருத்தரையும் என் வண்டி முன்னால் நிறுத்தி, ஒரு 8 எம்எம் ஸ்டட்டை, அதாவது இரண்டு முனையிலும் மரை உள்ள தலையில்லாத போல்ட்டை, 5/16 துளையில் ஸ்பேனர் இல்லாமல் வெறும் கையால் திருகிக் காட்டச் சொல்லவேண்டும், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

வண்டி 1984 அம்பாசிடர் மார்க் 4, பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். ஒரு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று சத்தம், சூடேறினால் அடங்கிவிடும். வால்வைத் தள்ளும் டேப்பெட்தான் காரணம் என்று சொல்லி ஒரு மெக்கானிக் இரண்டு தடவை அட்ஜஸ்ட் செய்து காசு வாங்கிக்கொண்டார். கடைசியில் நானே டார்ச் அடித்துப் பார்த்தால் புகை வெளியேறும் நடு எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றிக் கன்னங்கரேலென்று கரி. இன்ஜின் ஹெட்டும் மேனிஃபோல்டு குழாயும் சேரும் இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் போயிருக்கிறது, இரும்பு சூட்டில் விரிந்ததும் இடுக்கு அடைபடுகிறது, அதனால்தான் சத்தம் நிற்கிறது.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று இறங்கினேன். இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்தும், மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கிற ஒரு ஸ்டட் மளுக்கென்று ஒடிந்தது. அதில் எனக்குக் கோபமில்லை, நாற்பது வருடத் துரு, ஒடியத்தான் செய்யும், நட்டு வைத்து வெல்டு அடித்து எடுத்தாயிற்று. ஆத்திரமெல்லாம் பக்கத்து ஸ்டட் மேல்தான். அது கழன்று வரும்போதே ஹெட்டின் மரையையும் தூள்தூளாகக் கூட்டிக்கொண்டு வந்தது. எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் 5/16 துளையில் 8 எம்எம் ஸ்டட்டை முறுக்கி ஏற்றியிருக்கிறார்! 5/16 என்பது 7.94 எம்எம், தடிமன் ஒன்றுபோலத்தான் தெரியும். மரை ஒன்றா? ஹெட்டில் இன்ச்சுக்கு 18, இவர் போட்டதில் 20க்கும் மேல். இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும், அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டாமா?

புதிது வாங்கச் சென்னையில் வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டை போனேன், 5/16 என்று மூன்று முறை சொன்னேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் அத்தனையும் 8 எம்எம். திரும்பப் போய்க் கேட்டால், "அம்பாசிடருக்கு இதான் சார், எல்லாம் ஒண்ணுதான்." 1990களில் வந்த, எம்எம் மரை உள்ள இசுசு இன்ஜின் அம்பாசிடரும் இதுவும் அவருக்கு ஒரே வண்டி. நம் ஸ்டட்டில் ஹெட் பக்கம் 18 மரை, நட்டு பக்கம் 24 மரை என்று விளக்கினால், ஏதோ வேற்று மொழியில் பேசியதுபோலப் பார்க்கிறார்.

கடைசியில் லேத் பட்டறையில் ஒரு பெரியவர் கடைந்து கொடுத்தார், கெட்ட துளைக்குப் புது மரையாக ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் போட்டோம். அதோடு முடிந்ததா? இந்த இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டையும் ஒரே வாஷர்தான் சேர்த்துப் பிடிக்கிறது. கடையில் கொடுத்தது தகரம் மாதிரி வாஷர், முறுக்கியதும் வளைந்து ஒரு பக்கம் புகை கசிந்து ஊதியது, புது கேஸ்கெட் வீண். மறுபடி பட்டறை, தடித்த வாஷர், பித்தளை நட்டு, இன்னொரு கேஸ்கெட். இப்போது சத்தம் இல்லை.

அந்த 8 எம்எம் பையைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம். அதுவும் இதுவும் ஒன்றுதானே, அப்புறம் எடுத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?