“எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா சார்?”

நேற்றும் அதே கேள்விதான். இது நாலாவது இன்டர்வியூ.

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி, ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை. ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எதிரே இருந்த பையனிடம் கொடுத்தேன். முன்னால் புரட்டினான், பின்னால் புரட்டினான். “இது இல்ல சார், ரிலீவிங் லெட்டர்?” அதுதானப்பா இது என்றேன். “லெட்டர்ஹெட்ல இல்லையே?” ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் முத்திரை குத்தியிருக்கிறது, லெட்டர்ஹெட் கேட்கிறான்!

அடுத்து டிகிரி. 15 வருஷ சர்வீஸ் முடித்ததற்கு ராணுவம் கொடுத்த, பட்டத்துக்குச் சமமான சான்றிதழை நீட்டினேன். மத்திய அரசின் குரூப் சி வேலைக்கே ஏற்றுக்கொள்கிற காகிதம். “எந்த யுனிவர்சிட்டி சார்?”

சரி, அதுகூடப் போகட்டும். “ஸ்டாக் மெயின்டெயின் பண்ணியிருக்கீங்களா?” என்றானே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராணுவத்துக்குச் சாப்பாடு, எரிபொருள் சப்ளை செய்கிற ஏஎஸ்சியில் ஸ்டோர் கீப்பர், 24 வருஷம். லடாக்கில் லேவில் இருந்தபோது, சோஜி லா கணவாய் பனியில் மூடுவதற்குள் குளிர்காலம் முழுக்க வேண்டிய அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் அத்தனையையும் இறக்கி, எண்ணி, அடுக்கியாக வேண்டும். அப்புறம் ஒரு டின் குறைந்தாலும் ஓடிப்போய் வாங்கிவர மலை மேலே மளிகைக் கடை கிடையாது. கணக்குப் பிசகினால் மேலே காவல் போஸ்டில் இருக்கிறவன் வயிறு காயும். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும், கழற்றாமல் சரக்கு வரவு செலவு எழுதுகிற பின் கார்டில் எழுத முடியாது. பேனாவில் மை உறைந்துவிடும், பென்சிலால் எழுதினோம். ஒரு மூட்டை கணக்கில் விட்டதில்லை. என்னைப் பார்த்து ஸ்டாக் தெரியுமா என்கிறான்!

கடைசியில், “செக்யூரிட்டி போஸ்ட் வேணா இருக்கு சார், எக்ஸ் ஆர்மிக்கு முன்னுரிமை” என்றான். 42 வயதில் வெளியே வருகிறவனுக்கு இந்த ஊர்க்காரர்கள் கண்ணில் தெரிகிற ஒரே இடம் கேட்.

வெளியே வந்தேன். கேட்டில் நின்றவர் என்னைப் பார்த்ததுமே “ராம் ராம்” என்றார். பண்ருட்டிப் பக்கம், ராணுவத்தில் நாயக் ரேங்கில் ரிட்டயர் ஆனவர். 12 மணி நேர டியூட்டி, இந்த வெயிலில். உட்கார ஒரு நாற்காலி போடவில்லை பாவிகள். ஷூ மட்டும் பரேடுக்குப் போகிற மாதிரி பளபளவென்று இருந்தது. “சேந்துடுங்கண்ணே, போகப்போகப் பழகிடும்” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதோடு விட்டதா? மஞ்சக்குப்பம் வர பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம். கை காட்டக் காட்ட மூன்று பஸ் நிற்காமல் போனது. மூன்றிலும் பாதி சீட் காலி. ஏறுகிற ஆளுக்கு நிறுத்தாதவனுக்கு எதற்கய்யா ஸ்டாப்?