சேஃப்டி மீட்டிங்கில் வாயைத் திறக்கலாமா, கூடாதா?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எங்கள் ஆலையில் நடந்த சேஃப்டி மீட்டிங் பற்றி வாட்ஸாப்பில் ஓடுகிற கதையெல்லாம் படித்துவிட்டீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆசிட் டேங்கர் இறக்குகிற இடத்தில், மேலே ஆசிட் பட்டால் உடனே கழுவ வைத்திருக்கிற சேஃப்டி ஷவரில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு கான்ட்ராக்ட் தம்பி எழுந்து சொன்னான். அதற்கு "தனியா வந்து சொல்லுப்பா, டைம் ஆகுது" என்று அதிகாரியின் பதில். மறுநாள் அவனுக்கு கேட் பாஸ் இல்லை. இதில் அவன் செய்த தப்பு என்ன?

கண்ணில் ஆசிட் பட்டால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று அதே மீட்டிங்கில் ஸ்லைடு போட்டார்களே சார், எந்தத் தண்ணீரில்?

வேலை செய்கிறவன் பேசாத மீட்டிங் மீட்டிங்கே இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து கண் சொருகி உட்கார்ந்திருப்பவனிடமும், தமிழே தெரியாத பீகார், ஒடிசா பையன்களிடமும் ஒரு மணி நேரம் ஸ்லைடு வாசித்துவிட்டு ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குகிறோம். ஆடிட்டுக்கு அது போதும். ஆளுக்கு?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஆபரேட்டர் அண்ணன் இருந்தார். வேலை ஆரம்பிக்கும் முன் அந்த இடத்திலேயே எங்களை நிற்க வைத்து ஐந்து நிமிடம் பேசுவார். பேசுவார் என்பதை விட, கேட்பார். அதுவும் ஆகப் புதுசாக வந்தவனிடம்தான் முதலில்: "இங்க எதுடா உன்னை அடிக்கும்? கேஸ் வந்தா எந்தப் பக்கம் ஓடுவ?" காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலே பார்க்கும் பழக்கம் எனக்கு அவரால் வந்தது. ஸ்லைடும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை.

"எல்லாரையும் பேச விட்டால் யூனியன் மீட்டிங் ஆகிவிடும்" என்று ஒருவர் வருவார். ஆகட்டுமே. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான வேலை நடக்கிற ஆலைகளில் தொழிலாளியும் நிர்வாகமும் சரிசமமாக உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று சேர்த்தார்கள். ஆபத்து தெரிந்தால் எச்சரிப்பது தொழிலாளியின் உரிமை என்றும் அதில் எழுதினார்கள். சும்மாவா எழுதினார்கள்?

"புரொடக்‌ஷன் நேரம் வீணாகும்" என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 2021 மே மாதம் இதே சிப்காட்டில் கெமிக்கல் ஆலை வெடித்து ஆட்கள் செத்தார்களே, அதைப் பக்கத்து ஊர் குடிகாட்டில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகாரி மேல் கூட அவ்வளவு கோபம் இல்லை. பெர்மனென்ட் அண்ணன்களே, அந்தத் தம்பி எழுந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தீர்களே, அதில்தான் கோபம். "இவனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்றீர்கள். டேங்கர் இறக்கும் இடத்தில் நிற்பது நீங்களும்தானே? பெர்மனென்ட் என்றால் ஆசிட் பார்த்துப் படுமா? அவன் கான்ட்ராக்ட், நாளைக்கே போய்விடுவான் என்று தெரிந்துதான் சிரித்தீர்கள், அது எனக்கும் தெரியும்.

என் மேனேஜரும் இந்தப் பதிவைப் பார்ப்பார் என்று தெரியும். சார், லைக் வேண்டாம். அந்தத் தம்பியை உள்ளே விடச் சொல்லி கான்ட்ராக்டருக்கு ஒரு போன் போடுங்கள், போதும்.