"மாமா, உங்க கனவு என்ன?"

போன வாரம் அக்கா மகன் கடைக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்ட கேள்வி இது. காலேஜில் யாரோ வந்து இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். கனவு இல்லாதவன் நடைப்பிணம் என்கிற ரீதியில். பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. 20 வயதாகியும் தனக்கென்று ஒரு கனவு இல்லையாம்.

எனக்கு இருந்தது. எஸ்.ஐ. ஆக வேண்டும். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடியற்காலையில் மூன்று வருடம் ஓடினேன். உயரம் அளந்த இடத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. அதற்கு மேல் எதைத் துரத்த? சித்தப்பாவின் தையல் மெஷின் ரிப்பேர் கடையில் சும்மா கொஞ்ச நாளைக்கு என்று உட்கார்ந்தேன். 19 வருடம் ஆகிறது.

அவனிடம் நான் சொன்னது அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி. அது இருக்கும் அண்ணா நகர் வழியாகத்தான் தினமும் போகிறான். அதை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமி கண் டாக்டராக ஆசைப்பட்டவரே இல்லை. உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்து, பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்றுதான் நினைத்தார். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. அந்த ஆசை அதோடு சரி. பிறகுதான் கண் மருத்துவத்துக்கு வந்தார். அதே விரல்களில் கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்று, 1976-ல், 58 வயதில், 11 படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார். வசதி உள்ளவர்கள் கட்டும் பணத்தில் இல்லாதவர்களுக்கும் வைத்தியம்.

மேடைப் பேச்சாளர்கள் இதையும் விடாமுயற்சிக் கதையாக்கி விடுவார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது, அவர் முதல் ஆசையை விட்டது.

என் கதை அவ்வளவு பெரிசு இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் தையல் விடும் மெஷினை ஆட்டோவில் ஏற்றி ஒரு அக்கா வருவார். அதை நம்பி முப்பது ஜாக்கெட் கிடக்கும். ராத்திரி பதினொரு மணிக்குச் சரி செய்து கொடுத்தால், வேஸ்ட் துணியில் ஓட்டி, தையலை நகத்தால் நீவிப் பார்ப்பார். அப்போது எஸ்.ஐ. ஞாபகமே வராது. (போலீஸ் ஜீப் போனால் வரும். பொய் சொல்லக் கூடாது.)

"அப்ப நான் என்னதான் செய்யட்டும் மாமா?"

"தெரியலப்பா. இப்போதைக்கு அந்த எண்ணெய் கேனை எடு."

எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனை நோண்ட ஆரம்பித்தான்.