ஓடும்போதே சார்ஜ் ஏறும் ரோடு ராமேஸ்வரத்துக்கு வருவதென்றால்

தம்பி ராமேஸ்வரத்தில் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறான். போன வாரம் தங்கச்சிமடத்து வீட்டுக்கு வந்தவன் சார்ஜர் பிளக்கைக் காட்டினான். பிளக்கின் உலோக முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. "வாங்கி மூணு மாசம்கூட ஆகலைக்கா. உப்புக்காத்து விடமாட்டேங்குது." உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஒரு வீடியோவும் போட்டுக் காட்டினான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2023-ல் திறந்த ரோடு. தாருக்கு அடியில் செப்புச் சுருள். வண்டி மேலே போனால் ஒயரே இல்லாமல் சார்ஜ் ஏறுகிறது.

பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரோட்டுக்குள்ள கரண்ட்டா? மழைத்தண்ணி நின்னா ஆடு மாடு என்னடா ஆகும்?"

அறுந்து விழுந்த ஒயரில் இரண்டு ஆட்டைப் பறிகொடுத்தவர் அவர். பதில் இருக்கிறது. அந்தச் சுருளில் எந்நேரமும் கரண்ட் ஓடாது. ரிசீவர், அதாவது சுருளிலிருந்து கரண்ட்டை வாங்கும் கருவி, மாட்டிய வண்டி மேலே வரும்போது ரோட்டின் அந்தத் துண்டில் மட்டும் ஓடும், வண்டி தாண்டியதும் நின்றுவிடும். இதைக் கிராம சபைக்கு வந்து, அவர் கேட்கக் கேட்கச் சொல்ல வேண்டும். ஜேசிபி வந்து நின்ற பிறகு சொன்னால் யார் நம்புவார்கள்?

எனக்கு இந்த ரோடு வேண்டும். காரணம் நம்ம வெயில். நம்ம மாவட்டத்துக் கமுதியில் 2016-லிருந்து 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கிறது. அது கரண்ட் தருவது பகலில். தம்பி சார்ஜ் போடுவதோ ராத்திரியில். அப்போது வருவது பெரும்பாலும் நிலக்கரி கரண்ட். பகலில் ஓட ஓட ஏறினால் வெயில் கரண்ட் நேராக வண்டிக்குப் போகும். பேட்டரியும் சின்னதே போதும். எடை குறைந்தால் டயர் தேய்வதும் குறையும். டயர்த் தூள் முதல் மழையில் எங்கே போகிறது? மன்னார் வளைகுடாவுக்குத்தான். 21 தீவும் பவளப்பாறையும் கடல்பசுவும் இருக்கிற தண்ணீர் அது.

ஆனால் தனுஷ்கோடி ரோட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். 2017-ல் அரிச்சல்முனை வரை திறந்த ரோடு, இரண்டு பக்கமும் கடல். கொந்தளிப்பு நாளில் அலை கல்லைத் தாண்டி வந்து மணலைக் கொட்டிவிட்டுப் போகும். 1964 புயலில் ரயிலையே கடல் அடித்துக்கொண்டு போன மண் அது. அங்கே செம்பைப் புதைத்தால் வருஷா வருஷம் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பூநாரை இறங்குகிற, ஆமை முட்டையிடுகிற கரையில் மெஷின் சத்தமும் ராத்திரி விளக்குமாக. பூநாரைக்காக 2025-ல் சரணாலயம் அறிவித்த இடம் அது.

போட வேண்டிய இடம் பஸ் ஸ்டாண்டும் அங்கிருந்து கோயிலுக்குப் போகிற வழியும். நாள் முழுக்க அதே பஸ், அதே ஆட்டோ. தென்கொரியாவின் குமி நகரில் 2013-லேயே டவுன் பஸ்ஸுக்கு இப்படிச் செய்தார்கள், 24 கி.மீ தடத்தில் அங்கங்கே மட்டும்தான் சுருள் புதைத்தார்கள். நெடுஞ்சாலையில் போடக் கிளம்பிய சுவீடன், 2023-ல் செலவு கட்டுப்படியாகாமல் டெண்டரையே நிறுத்தியது. மூடிப் புதைத்த சுருளில் களிம்பு ஏற பிளக் முனையே கிடையாது. ரோட்டோரப் பெட்டிக்குள் இருக்கிற மின் சாதனங்களை மட்டும் உப்புக்காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும்.

தம்பி வண்டியை எடுக்கும்போது ஒன்று கேட்டான்: "ரிசீவருக்கு யாருக்கா காசு குடுப்பா? எனக்கு வண்டித் தவணையே இன்னும் பாக்கி. பஸ்ஸுக்கும் காருக்கும் மட்டும்னா நான் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கவா?"

ஆட்டோ ஸ்டாண்டுக்கு அடியிலும் சுருள் போடுங்கள். ரிசீவருக்கு மானியம் கொடுங்கள். இரண்டையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.