தலைக்கு வரி வாங்கினீர்கள், இலைக்கு இடமில்லையா?

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கோயில் கொடை விழாவில், ஆட்டிசம் உள்ள என் தம்பியைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். நேற்று இரவு ஊர் வாட்ஸ்அப் குழுவில், "யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை, இந்த விஷயத்தை இதோடு முடித்துக்கொள்வோம்" என்று விழாக் கமிட்டி சார்பில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்புகள். அப்புறம் எப்படிச் சும்மா இருப்பது? எழுப்பி அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். முடிந்ததா இல்லையா என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லையே.

வீடியோவைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். என் தம்பி காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறான். பேட்ஜ் குத்திய ஒரு பையன் அவன் தோளைப் பிடித்து எழுப்புகிறான். அம்மா "விடு மக்களே, விடு மக்களே" என்கிறாள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதற்கு முந்தைய இருபது நிமிடம் இல்லை. அந்த இருபது நிமிடமும் அவன் இலை முன்னால் சமர்த்தாக உட்கார்ந்து, பப்படம் எப்போது வரும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். செண்டை மேளக்காரர்கள் பந்திக் கொட்டகைக்குள்ளேயே வந்து நின்று அடிக்கத் தொடங்கினார்கள். மேலே தகரக் கூரை. அதற்குப் பிறகு நடந்ததுதான் வீடியோ. கடைசியில் எங்கள் கையில் ஒரு பார்சலைத் தந்து, "வீட்டுல வச்சு நிம்மதியா சாப்பிடுங்க" என்று அனுப்பி வைத்தார்கள்.

இது நடந்த இடத்துக்குப் பெயர் சமபந்தி விருந்து.

நம் ஊரில் கொடை வரி ஆண் தலைக்கு என்பது உங்களுக்குத் தெரியும். 18 வயது முடிந்த ஆண் என்றால் வரி நோட்டில் பெயர் ஏறும். தம்பிக்கு 2016இல் 18 முடிந்தது. அந்த வருடமே வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டுல இப்ப ரெண்டு தலை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷம். பள்ளிக்கூடம் அவனைக் கணக்கில் எடுக்கவில்லை, சொந்தக்காரர்கள் எடுக்கவில்லை, ஊராவது எடுத்துக்கொண்டதே என்று நினைத்தேன். அன்று முதல் ஒரு வருடம்கூட அவன் பெயரில் பாக்கி கிடையாது. நோட்டை எடுத்துப் பாருங்கள். வரி வாங்கும்போது அவன் தலை. சோறு போடும்போது மட்டும் அவன் தொந்தரவா?

ஆட்டிசம் என்றால் என்ன என்று திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். அது மூளை வளரும் விதத்தில் இருக்கிற வேறுபாடு. பிறவியிலேயே வருவது. ஒட்டிக்கொள்ளும் வியாதி கிடையாது, பைத்தியமும் கிடையாது. பேச்சு, பழக்கம், ஒலி, ஒளி, தொடுதல் எல்லாவற்றையும் அவர்கள் வாங்கிக்கொள்ளும் விதம் வேறு. உங்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கிற செண்டை, அவனுக்குக் காதுக்குள் ஆணி அடிப்பது மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு ஆடுவது, வலியைத் தாங்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி. பல் வலிக்கிறவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டால் நாம் அவனைப் பந்தியிலிருந்து எழுப்புவோமா?

சரி, நீங்கள் சொல்வதற்கும் வருகிறேன். மூன்று நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"பிள்ளைகள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வேலை செய்தவர்கள், அவர்களைக் குறை சொல்லலாமா?" அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்கு 19 வயது இருக்குமா? பின்னால் நின்று "வெளியில கொண்டு போடே" என்று சொன்ன பெரியவர்கள்மேல்தான் வருத்தம். அவர்கள் வீடியோவில் விழவில்லை.

"அடுத்தவர் இலையில் கை வைத்தான்." ஆமாம், வைத்தான். அதை நான் மறைக்கப்போவதில்லை. பக்கத்து இலையிலிருந்த பப்படத்தை எடுத்தான். எடுத்தது தப்பு, அம்மா உடனே மன்னிப்புக் கேட்டாள். ஆனால் அந்த இலைக்குச் சொந்தக்காரரான பாட்டா என்ன சொன்னார் தெரியுமா? "எடுத்துக்கோ மக்களே, எனக்குக் கடிக்கப் பல்லா இருக்கு" என்றார். இலைக்காரருக்கு வராத கோபம் மூன்று வரிசை தள்ளி நின்றவர்களுக்கு ஏன் வந்தது?

"பெண்களும் குழந்தைகளும் பயந்துவிட்டார்கள்." இதுதான் என்னைத் தூங்கவிடாத வரி. இதே தம்பியை ஆறு வயதில் தூக்கிவைத்துக் கொஞ்சியவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். அப்போதும் இப்படித்தான் ஆடுவான், இப்படித்தான் முனகுவான். "தெய்வக் குழந்தை" என்றார்கள். மீசை முளைத்ததும் அந்தத் தெய்வம் எங்கே போனது? ஆட்டிசம் என்றால் ஏதோ சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஏப்ரல் 2 வந்தால் நீல நிறத்தில் ஒரு குழந்தைப் படம் போட்டு விழிப்புணர்வு நாள் என்கிறோம். அந்தக் குழந்தைகள் வளருவார்கள் என்பது ஏன் யாருக்கும் நினைவு வருவதில்லை? அவர்களுக்கும் தாடி வளரும், குரல் உடையும், தோள் அகலும். உள்ளே இருக்கிறவன் அதே ஆள்தான்.

என் தம்பியைப் பார்த்துப் பயந்தவர்கள் ஒரு நாள் அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் முப்பந்தல் வரைக்கும் வந்து பாருங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அப்பா அவனை ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாலை பார்க்கக் கூட்டிப்போவார். ஆனி, ஆடிக் காற்றில் அத்தனையும் சேர்ந்து சுற்றும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒன்று நின்றிருந்தால் அதையே காட்டி, "அது ஏன், அது ஏன்" என்று கேட்டுக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்த பிறகும் கேட்பான். சுற்றாமல் நிற்கிற ஒரு காற்றாடிக்காக ராத்திரி வரைக்கும் கவலைப்படுகிற மனிதனைப் பார்த்தா இந்தப் பயம்?

"வளர்ப்பு சரியில்லை, தாய் கண்டித்து வளர்த்திருக்க வேண்டும்." இதை எழுதியவர் படித்தவர், ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1943இல் லியோ கானர் அமெரிக்காவில் ஆட்டிசத்தைப் பற்றி முதலில் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு பல வருடம் அங்கேயும் இதையேதான் சொன்னார்கள். தாய்க்குப் பாசம் இல்லை, பிரிட்ஜ் மாதிரி குளிர்ந்த தாய், அதனால்தான் பிள்ளை இப்படி என்று டாக்டர்களே சொன்னார்கள். எத்தனை தாய்மார் அந்தப் பழியோடு செத்திருப்பார்களோ. 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரே ஓர் ஆட்டிசப் பிள்ளையின் தகப்பன், இது வளர்ப்பால் வருவதில்லை, உடல் சார்ந்தது என்று எடுத்துச் சொன்னார். 1977இல் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் மரபணுவின் பங்கும் தெளிவானது. உலகம் தாயைவிட்டு எப்போதோ விலகிவிட்டது. எங்கள் அம்மாவை மட்டும் இன்னும் கூண்டில் நிறுத்துகிறீர்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிற்காது. தம்பி மூன்று வயது வரை பேசவில்லை. "மாமனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார்கள். காது கேட்கவில்லையோ என்று பார்த்தோம். சரடு கட்டினோம், நேர்ந்துகொண்டோம். 2004இல் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர்தான் பெயரைச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் களியக்காவிளை வரைக்கும் அம்மா அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. ஊரில் கேட்டால் சொல்ல வேண்டுமே.

அடுத்த வருடமே பள்ளிக்கூடத்தில், "மற்ற பெற்றோர் சங்கடப்படுகிறார்கள்" என்று நிறுத்தச் சொன்னார்கள். எதிர்த்துக் கேட்க எங்கள் கையில் ஒன்றும் இல்லை. அப்போதிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான், ஆட்டிசம் அதில் கிடையாது. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் இருந்தது, ஆனால் பள்ளிக்கூட வாசலைத் திறக்க அது போதவில்லை. 2016 டிசம்பரில் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 21 வகை, அதில் ஆட்டிசமும் ஒன்று. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. சட்டம் வந்தபோது தம்பிக்கு 18 முடிந்திருந்தது. கல்வி உரிமை முடிகிற வயதும் கொடை வரி தொடங்குகிற வயதும் அவனுக்கு ஒரே வருடத்தில் வந்தன.

அதே சட்டத்தின் 92ஆம் பிரிவைப் பற்றி ஒரு வக்கீல் நண்பர் ஞாயிறு மாலையே போன் செய்து சொன்னார். பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்று அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. "சட்டம் பேசி ஊரை மிரட்டுகிறாள்" என்று நாளை எழுதுவீர்கள் என்று தெரியும். நான் புகார் கொடுக்கவில்லை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க நின்ற கூட்டத்தில் நான் இல்லை. அந்தச் சிறு பையன் ஸ்டேஷன் வாசலில் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை கிடையாது. நான் கேட்பது ஓர் இலை.

இனி அந்த ஹோம் விஷயம். "இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள நல்ல ஹோம் இருக்கிறதே, வீட்டாருக்கும் நிம்மதி" என்று அக்கறையோடுதான் ஒரு சித்தி எழுதியிருந்தார். அக்கறைக்கு நன்றி சித்தி. சிறப்புப் பள்ளிகளையும் பகல் மையங்களையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அங்கிருக்கும் ஆசிரியர்கள்தான் என் தம்பிக்குச் சட்டைப் பித்தான் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் சொல்வது எங்கள் நிம்மதிக்கா, உங்கள் நிம்மதிக்கா? அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போய் எத்தனை வருடம் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? ஒருவர் பந்திக்குப் போனால் இன்னொருவர் அவனோடு வீட்டில். வருடத்தில் ஒரே ஒரு நாள், நம் ஊர்க் கொடையில் மட்டும், நாங்கள் நான்கு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஊர்க்காரர்கள் முன்னால்தானே, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்ற தைரியம். அந்த ஒரு நாளைத்தான் பார்சல் கட்டித் தந்துவிட்டீர்கள்.

எனக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் தம்பியைப் பார்த்த பிறகு நின்றுபோயின. இரண்டு வீட்டார் ஜாதகம் சரியில்லை என்றார்கள். ஒருவர் மட்டும், "நமக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருமா?" என்று நேராகக் கேட்டார். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. கேட்டால் பதில் சொல்லலாம், சேர்ந்து ஒரு டாக்டரிடம் போய்க் கேட்கலாம். கேட்காமல் ஒதுங்குகிறவர்களிடம் என்ன பேசுவது? 18 வயதுக்குப் பிறகு இவனுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும். கலெக்டர் தலைமையிலான குழுதான் அதை நியமிக்கும். இப்போது அப்பா. அப்பாவுக்குப் பிறகு நான் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். எனக்குப் பிறகு என்று அம்மா ராத்திரியில் கேட்பாள். ஊர் இருக்கிறதே என்று சொல்லித்தான் இத்தனை நாளும் அவளைத் தூங்க வைத்தேன். இந்த ஞாயிறு முதல் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். சமபந்தி தொடங்கும்முன் மேடையில் கமிட்டித் தலைவர் வருடந்தோறும் பேசுவதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். சாமிதோப்பில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கட்டும் என்று வைகுண்ட சுவாமிகள் தோண்டிய முத்திரிக் கிணறு. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926இல் நடந்த சத்தியாக்கிரகம். 1936இல் திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம். நம் பாட்டன்மார் வெளியே நிறுத்தப்பட்டவர்கள், அதனால் நாம் யாரையும் வெளியே நிறுத்த மாட்டோம் என்று முடிப்பார். இந்த ஞாயிறும் அப்படித்தான் முடித்தார். கைதட்டினோம், தம்பியும் தட்டினான். அதற்குப் பிறகு அரைமணி நேரத்தில் அவன் கொட்டகைக்கு வெளியே நின்றான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிகமாகப் படித்த மாவட்டம் நம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். இவ்வளவு படித்த நாம் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "மேளத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று அடியுங்கள்" என்று சொல்லப் படிக்கவில்லையா? அதற்குப் பணம் ஆகுமா, பந்தல்காரரிடம் கேட்க வேண்டுமா? பத்தடி தள்ளி நின்றால் போதும்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு நன்றி, போதும். அந்தப் பையனின் பெயரைப் போட்டுத் திட்டுகிற பதிவுகளைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வீடியோவைப் பகிர்ந்தவர்களும் எடுத்துவிடுங்கள். அதில் இருப்பது என் தம்பி மிகவும் வலித்த நேரம். அதை யாரும் பார்க்க அவன் சம்மதம் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு எட்டாம் கொடை, கொடை கழிந்த எட்டாம் நாள் விழா. நாங்கள் நான்கு பேரும் வருகிறோம். அப்பா வேண்டாம் என்றார், அம்மாதான் போவோம் என்று சொல்லிவிட்டாள். முதல் பந்தி எத்தனை மணிக்கு, மேளம் எந்தப் பக்கம் நிற்கும் என்று கமிட்டியில் யாராவது எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். எதிர்ப்பக்கம் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறோம். அந்தப் பாட்டா இதைப் படிக்க மாட்டார், அவர் பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் சொல்லுங்கள்: அவர் பக்கத்து இடத்தைத் தம்பிக்குப் பிடித்து வைக்கட்டும். பரிமாறுகிறவர்கள் அவனுக்கு மட்டும் இரண்டு பப்படம் வைத்துவிடுங்கள்.