நாலரைக்குள் கப்பலேறணுமாம்!
மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் கப்பல் நிற்பது ஒரே ஒரு பகல். நம்ம கூட்டாளிகள் கப்பலிலேயே மூக்குமுட்டத் தின்றுவிட்டு இறங்கும்போது மணி பதினொன்றரை! "ஆப்ரவாசி காட் பார்க்கணும்டா. நம்மாட்கள் ஒப்பந்தக் கூலிகளா வந்து ஏறின 16 படி அங்கேதான் இருக்கு, 2006லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம்" என்று கத்தினேன். "அப்புறம் மச்சி." அப்புறம் எங்கே? சென்ட்ரல் மார்க்கெட்டில் ஒரு கூடைப் பைக்கு முக்கால் மணி நேரம் பேரம். மொரிஷியஸ் ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்குதென்று அதை நீட்டிப் பிடித்து இருபது செல்ஃபி வேறு. (நானும்தான் பல்லிளித்தேன், சரி.) கடைசியில் வேர்க்க விறுவிறுக்க ஓட்டம். ஆசையாக வாங்கிய தால் பூரிப் பொட்டலத்தையும் கப்பல் வாசல் சோதனையில் பிடுங்கிக்கொண்டார்கள். வெளிச் சாப்பாடு ஆகாதாம்! "அடுத்த தடவை பார்க்கலாம் மச்சி" என்கிறான் ஒருத்தன், மேல்தளத்தில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே.