பரீட்சை முடிஞ்சா டீச்சருக்கு வேலை முடிஞ்சிடாது

"கடைசி பரீட்சை முடிஞ்ச நாள்ல இருந்து டீச்சருங்களுக்கு லீவு மாதிரிதான், சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறாங்க"ன்னு உங்கள்ல சிலர் சொல்றீங்க, அது தப்புங்க. கிளாஸ் நடக்காதுங்கறது மட்டும்தான் உண்மை.

கணக்குப் போட்டே பாருங்க, 40 பசங்க இருக்கிற 5 செக்‌ஷனுக்கு ஒருத்தர் பாடம் எடுத்தா 200 பேப்பர், ஒண்ணுக்கு 10 நிமிஷம்னு வச்சாலும் 33 மணி நேரத்துக்கு மேல திருத்துறதுக்கு மட்டுமே ஆகுது. அப்புறம் கூட்டல் சரிபார்க்கணும். பையன் கடைசி பக்கத்துல அம்புக்குறி போட்டு மீதி பதிலை எழுதியிருப்பான், அதுக்கு மார்க் போட்டிருப்போம், ஆனா முன்பக்க கட்டத்துல ஏத்தாம விட்டிருப்போம், அந்த 3 மார்க்ல பாஸாக வேண்டியவன் ஃபெயில் ஆயிடுவான். அதனாலதான் ஒருத்தர் கூட்டினதை இன்னொருத்தர் பார்க்கிறது.

மார்க் என்ட்ரி, வருகைப் பதிவு கணக்கு, லேப் சாமான் எண்ணி ஒப்படைக்கிறது, இதெல்லாம் வேற.

எனக்கு ரொம்ப கஷ்டமான வேலை ரிப்போர்ட் கார்டுல எழுதுற அந்த ரெண்டு வரிதான். எல்லாருக்கும் "நன்று"ன்னு போட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், ஆனா வருஷம் பூரா வாயே திறக்காத பொண்ணு கடைசி மாசத்துல தானா எழுந்து கேள்வி கேட்டான்னா அதை அவங்க வீட்டுல தெரிஞ்சுக்கணும் இல்லையா, அடுத்த வருஷம் வர்ற டீச்சர்கிட்டயும் அதைச் சொல்லித்தான் அனுப்பணும். ஃபெயிலான பசங்க அப்பா அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுறதும், மறுதேர்வுக்கு அவங்களை உட்காரவச்சு சொல்லிக்கொடுக்கிறதும் நீங்க லீவுன்னு சொல்ற அதே நாட்கள்லதான் நடக்குது.